லெம்பர்ட் டோம்: பனியாறு அரைத்த பாறை (வாசகர் கேள்வி-பதில்)

போன இதழில் டுவாலமி மெடோஸ் புல்வெளியைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். கூடவே அங்கிருக்கும் லெம்பர்ட் டோம் என்ற மொட்டைப் பாறையின் படம் வந்திருந்தது. வந்த கடிதங்களில் முக்கால்வாசி அந்தப் பாறையைப் பற்றித்தான். எனக்கு ரொம்ப சந்தோஷம். கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்கா என்றாலே எல்லாரும் ஹாஃப் டோம், எல் கேப்பிட்டன் என்று கீழே பள்ளத்தாக்கிலேயே நின்றுவிடுகிறார்கள். நான் சென்னையில் நிலவியல் படித்தவள். ஃப்ரீமாண்டுக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. வருஷா வருஷம் மலைச்சாலை திறந்ததும் ஒரு தடவையாவது லெம்பர்ட் டோமுக்குப் போய்விட்டு வந்தால்தான் எனக்குக் கோடை வந்த மாதிரி இருக்கும். அதனால் இந்த முறை முழுக்க அந்தப் பாறைக்கே.

ஜூலையில் அப்பா அம்மா சேலத்திலிருந்து வருகிறார்கள். அப்பாவுக்கு 66, அம்மாவுக்கு 61. ஹாஃப் டோம் அனுமதிக்கு லாட்டரி போட்டோம், விழவில்லை. அப்பா முகம் வாடிவிட்டது. லெம்பர்ட் டோமில் அவர்களால் ஏற முடியுமா?
– வாசகி, சன்னிவேல்

லாட்டரி விழாதது நல்லதுக்குத்தான் அம்மா. ஹாஃப் டோம் போய்வர 14 மைலுக்குக் குறையாது. ஏற்றம் மட்டும் 4,800 அடி. கடைசி 400 அடியை இரண்டு பக்கமும் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும். விமானத்திலிருந்து இறங்கி இரண்டு வாரம்கூட ஆகாத 66 வயதுக்காரரை அனுமதி கிடைத்தாலும் நான் அங்கே அனுப்பமாட்டேன்.

லெம்பர்ட் டோம் போய்வர மூன்று மைலுக்குள் முடிந்துவிடும், ஏற்றம் 850 அடி. இந்த எண்களைப் பார்த்து மட்டும் முடிவு செய்துவிடாதீர்கள். நீங்கள் காரை நிறுத்துகிற இடமே 8,600 அடி உயரம். ஊட்டி தொட்டபெட்டாவின் உச்சியும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதாவது தொட்டபெட்டா உச்சியில் நின்றுகொண்டு அங்கிருந்து ஏற ஆரம்பிக்கிறீர்கள். சன்னிவேலில் விடிகாலை கிளம்பி, ஐந்து மணி நேரம் கார் ஓட்டி, இறங்கின உடனே ஏறினால் தலைவலி, குமட்டல், மூச்சுவாங்கல் எல்லாம் வரும். முதல் நாள் ராத்திரி மலை மேலேயே எங்காவது தங்குங்கள். மறுநாள் காலை எட்டு மணிக்கு ஏற ஆரம்பித்து, மதியச் சாப்பாட்டுக்குள் கீழே வந்துவிடுங்கள். அப்பாவுக்கு இதயத்திலோ ரத்த அழுத்தத்திலோ ஏதாவது தொந்தரவு இருந்தால் கிளம்பும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஏறும்போது தலைவலி விடாமல் இருந்தால் திரும்பிவிடுவதைத் தவிர வேறு மருந்து கிடையாது.

வழியைச் சொல்கிறேன். கார் நிறுத்துமிடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் செங்குத்தாக ஒரு சுவர் தெரியும். அப்பா அங்கேயே "இதிலயா?" என்று கேட்பார். பயப்பட வேண்டாம், நடந்து போகிறவர்கள் அந்தப் பக்கம் ஏறுவதில்லை. பைன் மரங்களுக்கு நடுவே பாதை பாறையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போகிறது. முதல் அரை மணி நேரம்தான் மூச்சுவாங்கும். வடகிழக்குத் தோளில் மரங்கள் முடிகின்றன. அதற்கு மேல் வெறும் கல், சரிவாகப் போகும் ஒரே கல். படி இல்லை, கம்பி இல்லை, அம்புக்குறியும் இல்லை. உங்களுக்கு எது சாய்வு குறைவாகத் தெரிகிறதோ அதுதான் வழி. உச்சிக்குக் கீழே கொஞ்ச தூரம் கையையும் ஊன்றித்தான் ஏற வேண்டியிருக்கும். அம்மாவுக்கு அது வேண்டாம் என்று தோன்றினால் தோளிலேயே உட்காரட்டும். புல்வெளி, ஆறு, கதீட்ரல் பீக் என்று எல்லாம் அங்கிருந்தே தெரியும். என் அம்மாவும் 64 வயதில் அந்தத் தோள் வரைதான் வந்தார். அதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை.

கிளம்பும் முன் அங்கே போகும் மலைச்சாலையான டையோகா ரோடு திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரணமாக மே கடைசியிலோ ஜூனிலோ திறந்துவிடும். 2023இல் கொட்டின பனியில் ஜூலை 22ஆம் தேதிதான் திறந்தார்கள். அப்புறம் கொசு! ஜூலையில் புல்வெளி ஈரமாக இருக்கும், பிய்த்துவிடும். முழுக்கைச் சட்டை போடச் சொல்லுங்கள்.

படத்தில் பாறையின் ஒரு பக்கம் சறுக்குமரம் போல இருக்கிறது, மறுபக்கம் வெட்டி எடுத்த மாதிரி. பனிப்பாறை செதுக்கியது என்று எழுதியிருந்தீர்கள். மெத்தென்ற பனி கல்லைச் செதுக்குமா?
– வாசகர், திருநெல்வேலி

இந்தப் பகுதியில் எனக்கு வந்த கேள்விகளிலேயே பிடித்த கேள்வி இது.

முதலில் ஒரு சொல் திருத்தம், என் தப்புதான். 'பனிப்பாறை' என்று எழுதியிருக்கக் கூடாது. 'பனியாறு' என்பதே சரி. பாறை கிடந்த இடத்தில் கிடக்கும், இது ஓடும். மெதுவாகத்தான் ஓடும், ஆனாலும் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடிக்கொண்டே இருக்கும். இருபதாயிரம் வருஷத்துக்கு முன்னால் அந்தப் புல்வெளி மேல் இரண்டாயிரம் அடி கனத்துக்குப் பனி கிடந்தது. லையல், டேனா சிகரங்களின் பக்கமிருந்து, அதாவது கிழக்கேயிருந்து, மேற்கே நகர்ந்தது. லெம்பர்ட் டோம் அதற்கு அடியில் முழுசாக மூழ்கியிருந்தது. கதீட்ரல் பீக் போன்ற சில கூர்முனைகள்தான் பனிக்கு மேலே தலை நீட்டிக்கொண்டிருந்தன. அதனால்தான் அவை இன்றைக்கும் கூராக இருக்கின்றன, இது மழமழவென்று இருக்கிறது.

பனி மட்டும் கல்லைத் தேய்க்காது, நீங்கள் சொல்வது சரி. பனியாற்றின் அடியில் கல்லும் மணலும் உறைந்து ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டாயிரம் அடிப் பனி மேலிருந்து அழுத்த, அந்தக் கற்கள் தரையைத் தேய்த்துக்கொண்டே போகும். பனி மோதி ஏறிய கிழக்குப் பக்கத்தில் தேய்ப்பு மட்டுமே நடந்தது. அதுதான் நீங்கள் சொன்ன சறுக்குமரம். தாண்டி இறங்கிய மேற்குப் பக்கத்தில் வேறு வேலை நடந்தது. உருகின நீர் பாறை வெடிப்புகளில் புகுந்து மறுபடி உறையும். உறைந்த பனி துண்டைக் கவ்விக்கொள்ளும், பனியாறு நகரும்போது துண்டு கையோடு பெயர்ந்து போகும். இப்படித் துண்டு துண்டாகப் பிடுங்கின இடம்தான் அந்தச் செங்குத்துச் சுவர். ஆக, கார் நிறுத்துமிடத்திலிருந்து நாம் பார்ப்பது பாறையின் முதுகுப்புறம். பனி வந்த முகம் அந்தப் பக்கம்.

இந்த வடிவத்துக்குப் பிரெஞ்சு மொழியில் 'ரோஷ் மூத்தோனே' என்று பெயர், ஆட்டைக் கொண்டு வந்த பெயர். உலகம் முழுக்க நிலவியல் வகுப்புகளில் அதே பெயர்தான். நானும் சென்னையில் கரும்பலகையில் பார்த்து நோட்டில் வரைந்திருக்கிறேன், அம்புக்குறியெல்லாம் போட்டு. ஆனால் எனக்கு அதைப் புரியவைத்தது என் அம்மா.

அம்மா அந்தத் தோளில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு பாய் அகலத்துக்குக் கல் பளபளவென்று மின்னியது. வெயில் சாய்வாக விழுந்தபோது கண்ணாடி மாதிரி கூசியது. உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். "இதை யாருடி அரைச்சா?" என்றார். பிறகு அந்தப் பளபளப்பு முடிந்து கல் சொரசொரப்பாக ஆகிற இடத்துக்கு விரலைக் கொண்டுபோனார். "இங்க பாரு, கொத்தின அம்மி. அங்க அரைச்சு அரைச்சு வழவழன்னு போன அம்மி." நான் பேசாமல் நின்றேன். அத்தனை சரியாக யாரும் எனக்குப் பாடம் நடத்தியதில்லை. பனியாறு தேய்த்த மேல்தோல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் இடம் வழவழப்பு. காற்றும் மழையும் வெயிலும் அந்தத் தோலை உரித்துவிட்ட இடம் கொத்தின அம்மி. பதினைந்தாயிரம் வருஷம் ஆகியும் மேல்தோல் திட்டுத் திட்டாக மிஞ்சியிருப்பதுதான் அதிசயம்.

அம்மா சொன்னதற்குப் பின்னால் ஒரு ஆராய்ச்சியும் வந்தது. இந்தப் பளபளப்பு வெறும் தேய்ந்த கல் அல்ல, அரைபட்ட கல்மாவு பசைபோல மேலே படிந்து இறுகின மெல்லிய பூச்சும் அதில் உண்டு என்று யோசெமிட்டி கற்களை நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் 2017இல் எழுதினார்கள். அம்மியில் அரைத்து வழித்த பிறகும் விழுது கொஞ்சம் கல்லோடு ஒட்டிக் காய்ந்துவிடுமே, அந்த மாதிரி.

நீங்கள் போனால் அந்தத் திட்டில் குனிந்து பாருங்கள். தலைமுடி கனத்துக்குக் கோடுகள் எல்லாம் ஒரே திசையில் ஓடும். கையில் திசைகாட்டி இருந்தால் வைத்துப் பாருங்கள், பனி போன வழி அதுதான். அங்கங்கே பிறை வடிவத்தில் வரிசையாகத் தழும்புகளும் இருக்கும், கல் கல்லை நெட்டித் தள்ளின தடம். உச்சிக்குப் பக்கத்தில் அந்தரத்தில் வைத்தாற்போலத் தனித்தனிக் குண்டுக்கற்கள் நிற்கின்றன. பனி சுமந்து வந்து, உருகும்போது இறக்கி வைத்துவிட்டுப் போனவை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பக்கத்திலிருக்கும் டெனாயா ஏரிக்கு அந்த மண்ணின் மக்கள் வைத்திருந்த பெயர் 'பைவியாக்'. மின்னும் பாறைகளின் ஏரி என்று பொருள். 1851இல் அவர்களைத் துரத்திப் பிடித்த படை, அந்த ஏரிக்கு அவர்களுடைய தலைவர் டெனாயாவின் பெயரையே சூட்டியது. ஏரிக்கு ஏற்கனவே பெயர் இருக்கிறது என்று அவர் சொல்லியும் கேட்கவில்லை. இந்த வழவழப்பைப் பார்த்துப் பெயர் வைத்தவர்கள் நிலவியல்காரர்களுக்கு முன்னாலேயே இருந்திருக்கிறார்கள். அந்தப் பெயரை நான் ஒவ்வொரு தடவையும் ஏரிக்கரையில் நின்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்வேன்.

லெம்பர்ட் யார்? மலையில் ஏறியவரா?
– வாசகி, தஞ்சாவூர்

ஆடு வளர்த்தவர். ஜான் பாப்டிஸ்ட் லெம்பர்ட் 1885இல் பாறைக்கு எதிர்ப்புறம், சோடா ஸ்பிரிங்ஸ் ஊற்றுப் பக்கம் நிலம் பிடித்துத் தனியாகக் குடியிருந்தார். அங்கோரா ஆடுகள் வைத்திருந்தார். 1889-90 குளிர்காலத்துப் பனியில் ஆடுகள் போய்விட்டன. அதன் பிறகு பட்டாம்பூச்சி, பூச்சி, செடி என்று சேகரித்து அருங்காட்சியகங்களுக்கு விற்று வாழ்ந்தார். அந்த நிலத்தை 1912இல் இயற்கைப் பாதுகாப்புச் சங்கமான சியரா கிளப் வாங்கியது. இப்போது அது பூங்காவின் ஒரு பகுதி. ஊற்று இன்னும் குமிழியிட்டுக்கொண்டிருக்கிறது, புல்வெளியைக் கடந்து அரை மைல் நடந்தால் பார்க்கலாம்.

கோவையில் ஒரு உள்ளரங்கச் சுவரில் ஒன்றரை வருஷமாக ஏறிப் பழகுகிறேன். வேலை விஷயமாக செப்டம்பரில் கலிஃபோர்னியா வருகிறேன். லெம்பர்ட் டோமில் கயிறு போட்டு ஏற எது சரியான வழி?
– வாசகர், கோயம்புத்தூர்

செப்டம்பர் நல்ல மாதம். கொசு இருக்காது, மழையும் குறைவு. காலையில் கல் சில்லென்று இருக்கும், பிடிமானம் நன்றாக இருக்கும்.

மேற்குச் சுவரில் 'நார்த்வெஸ்ட் புக்ஸ்' என்று ஒரு வழி இருக்கிறது, கடினம் 5.6 (புள்ளிக்குப் பின்னால் வரும் எண் கூடக் கூடக் கடினம் கூடும்; 5.6ஐவிட 5.10 கடினம்). திறந்து வைத்த புத்தகம் போல இரண்டு பாறைப் பக்கங்கள் சேரும் மூலைகளில் ஏறுவது. எண்ணைப் பார்த்து, "சுவரில் 5.10 ஏறுகிறேனே, 5.6 என்ன பெரிய விஷயம்" என்று நினைக்காதீர்கள். டுவாலமியில் எண்ணுக்கும் நெஞ்சு படபடப்புக்கும் சம்பந்தம் கிடையாது. இங்கே பழைய ஆட்கள் கீழிருந்தே ஏறிக்கொண்டு, நின்ற இடத்தில் கையாலேயே துளை போட்டு, கயிற்றை மாட்ட போல்ட் அடித்தார்கள். அதனால் பல வழிகளில் ஒரு போல்ட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே தூரம் அதிகம். பக்கத்து மெட்லிகாட் டோமில் 1981இல் ஜான் பாக்கரும் டேவ் யெரியனும் போட்ட வழி அதற்குப் பேர்போனது. 500 அடிச் சுவருக்கு மொத்தமே பதின்மூன்று போல்ட். அங்கே போகச் சொல்லவில்லை, அந்த ஊர் வழக்கம் தெரிந்திருக்கட்டும் என்று சொல்கிறேன்.

சுவரில் கலர் கலராகப் பிடி இருக்கும். இங்கே பிடி என்பது இரண்டு வகை. ஒன்று, ஒன்றுமே இல்லாதது: உள்ளங்காலின் உரசலை நம்பி நிற்பது. குதிகாலைத் தாழ்த்தி, உடம்பைப் பாறையிலிருந்து விலக்கி, எடை முழுவதையும் காலில் போட வேண்டும். பயத்தில் பாறையோடு ஒட்டிக்கொண்டால் கால் வழுக்கும். இது கேட்க எளிது, உடம்பு ஒப்புக்கொள்ள நாலு நாள் ஆகும். இரண்டாவது, படிகம். இந்தக் கல்லை நாம் கிரானைட் என்கிறோம். கறாராகச் சொன்னால் கிரானோடயோரைட். பூமிக்கடியில் எட்டரைக் கோடி வருஷத்துக்கும் முன்னால் மெல்ல ஆறின குழம்பு. மெல்ல ஆறியதால் ஃபெல்ட்ஸ்பார் படிகங்கள் பெரிதாக வளர்ந்துவிட்டன. சில படிகங்கள் தீப்பெட்டி அளவு, சிலது அதைவிடப் பெரிது. சுற்றியிருக்கும் கல் தேயத் தேய இவை புடைத்து நிற்கின்றன. நான் 41 வயதில் ஒரு தோழி முன்னால் போக அந்தச் சுவரில் ஏறினேன். ஒரு இடத்தில் வலது கைக்கு இருந்தது ஒரே ஒரு படிகம். வெளிர் ரோஸ் நிறம், செவ்வக முனை, வெயிலில் லேசாகச் சூடு. மூன்று விரலால் பிடித்துக்கொண்டு கால் மாற்றினேன். வகுப்பில் லென்ஸ் வைத்துப் பார்த்து மதிப்பெண் வாங்கின கனிமம் என் எடையைத் தாங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பளபளப்பான திட்டைக் கண்டால் காலை அதில் வைக்காதீர்கள், சுற்றிப் போங்கள். ஏறி முடித்ததும் கயிற்றில் இறங்க வேண்டிய அவசியம் இல்லை. பின்பக்கச் சரிவில் நடந்தே வந்துவிடலாம். முதல் தடவை அனுபவமுள்ள வழிகாட்டி ஒருவரோடு போங்கள். உள்ளரங்கச் சுவர் கற்றுக்கொடுக்காத விஷயம் வெடிப்பில் ஆப்பு வைப்பது. அதைக் கல்லில்தான் கற்க வேண்டும்.

எங்கள் யானைமலையும் ஒரு முனை செங்குத்து, மறுமுனை சரிவு. அதுவும் பனியாறு செய்ததா?
– வாசகர், மதுரை

நல்ல கண் உங்களுக்கு. ஆனால் இல்லை. போன பனியுகத்தில் மதுரைச் சமவெளிக்குப் பனி வரவில்லை. வெயிலும் மழையும் பல லட்சம் வருஷமாகக் கல்லை இளக்கி, வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காக உரித்து அந்த வடிவத்தைக் கொண்டுவந்தன. வெடிப்பு எங்கே இருந்ததோ அங்கே செங்குத்து. ஹாஃப் டோமின் உருண்டைத் தலையும்கூட இப்படி உரிந்ததுதான், கடைசியாக வந்த பனி அதன் உச்சியைத் தொடவில்லை. வடிவத்தை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது. வழவழப்பும் ஒரே திசைக் கோடுகளும் இருந்தால்தான் பனியாறு.

போன ஆகஸ்ட்டில் பாதி வழியில் இடி கேட்டுத் திரும்பிவிட்டோம். கூட வந்தவர்கள் "பயந்தாங்கொள்ளி" என்றார்கள். நான் செய்தது சரியா?
– வாசகி, மில்பிடாஸ்

நூற்றுக்கு நூறு சரி. அவர்களுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆகஸ்ட் மாதம் நான் திரும்பவில்லை. பதினொரு மணிக்கு டேனா பக்கம் காலிஃபிளவர் மாதிரி வெள்ளையாக மேகம் எழும்பியது. பன்னிரண்டரைக்கு உச்சியில் இருந்தோம். மேகத்தின் அடிப்பக்கம் கறுத்துவிட்டது. என் நடைக்கோலின் அலுமினியம் மெல்லிசாக 'ஈஈ' என்று ரீங்கரித்தது, கையில் முடி நின்றது. கோலைப் போட்டுவிட்டு இறங்கினோம். அதற்குள் மழை. உலர்ந்த கல்லில் பசைபோலப் பிடித்த அதே காலணி நனைந்த வழவழப்பில் சோப்பில் வைத்த மாதிரி போனது. இருபது அடி சறுக்கி ஒரு குண்டுக்கல்லில் முட்டி நின்றேன். மணிக்கட்டு பிசகி இரண்டு மாதம் கட்டுப் போட்டிருந்தேன். அந்தக் கல் அங்கே இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே விருப்பமில்லை.

சுற்றிலும் எதுவுமே இல்லாத மொட்டைப் பாறையில் உயரமான பொருள் நாம்தான். இடி கேட்டால் இறங்க வேண்டும், மேகம் கறுத்தாலே இறங்க வேண்டும். நீங்கள் அடுத்த ஜூலையில் காலை ஏழு மணிக்கே கிளம்புங்கள், உச்சி உங்களுக்குத்தான்.

அந்தப் பனியாறு இப்போதும் இருக்கிறதா?
– கல்லூரி மாணவர், சென்னை

அந்தப் பெரிய பனியாறு எப்போதோ போய்விட்டது. அதன் தலைப்பக்கத்தில், லையல் சிகரத்தின் நிழலில் சின்னதாக ஒரு பனித்திட்டு மிஞ்சியிருக்கிறது. 1870களில் இயற்கையாளர் ஜான் மியூர் அந்த மலைகளில் கம்பு நட்டு, பனி நகர்வதை அளந்து காட்டினார். யோசெமிட்டிப் பள்ளத்தாக்கு பூமி உள்வாங்கி உண்டானது என்று அப்போது மாநில நிலவியல் தலைவராக இருந்த ஜோசையா விட்னி சொல்லிக்கொண்டிருந்தார். பனியாறு செதுக்கியது என்றார் மியூர். விட்னி போன்றவர்கள் கண்ணுக்கு அவர் வெறும் ஆடு மேய்த்தவன். மேய்த்தவன் சொன்னதுதான் சரியாகப் போனது. 2013இல் பூங்காத்துறை லையல் பனியாறு நகர்வதை நிறுத்திவிட்டது என்று அறிவித்தது. நகராத பனி பனியாறு ஆகாது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சமையல் ஓடவில்லை. நீங்கள் நிலவியல் படிக்கிற பிள்ளையாக இருந்தால் சீக்கிரம் ஒருமுறை வந்து பார்த்துவிடுங்கள்.

மகனுக்குக் கல் சேர்க்கிற பழக்கம். அங்கிருந்து பளபளக்கிற துண்டு ஒன்று எடுத்து வரலாமா?
– வாசகர், டப்ளின், கலிஃபோர்னியா

கூடாது. தேசியப் பூங்காவில் கூழாங்கல் எடுப்பதுகூடச் சட்டப்படி குற்றம். அந்தப் பளபளப்பு பெயர்ந்தால் மறுபடி வராது, அரைக்கப் பனி இல்லை. மகனைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். எடுக்கும்போது பக்கத்தில் ஒரு நாணயம் வைக்கட்டும், அளவு தெரியும். காலையிலோ மாலையிலோ வெயில் சாயும்போது எடுத்தால் கோடுகள் நன்றாக விழும். எந்தப் பக்கம் வடக்கு என்று படத்தின் பின்னால் எழுதி எனக்கு அனுப்பச் சொல்லுங்கள்.